புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவர்கள் மாயத்துக்கும் சுயநீதிக்கும் விலகி நடக்க ஒரு வழிகாட்டி

குடிப்பழக்கத்தில் இருந்த ஒருவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு ஆறு மாதம் மதுவைத் தொடாமல் இருந்துவிட்டால் வீட்டில் நிம்மதி திரும்புகிறது, கடன் குறைகிறது, சபையில் அவரை முன்னால் அழைத்துச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். இவை எல்லாம் நல்லவை. ஆனால் பெரும்பாலும் அந்த ஆறாவது மாதத்தில்தான், இன்னும் குடித்துக்கொண்டிருக்கும் தம்பியைப் பார்க்கிற அவருடைய பார்வை மாறுகிறது. நேற்றுவரை அவனோடு சேர்ந்து விழுந்துகிடந்தவர், இன்று அவனை வேறு இனத்து மனிதனைப்போலப் பார்க்கத் தொடங்குகிறார். புதிய விசுவாசிக்கு முதல் ஆபத்து பழைய பாவத்திலிருந்து வருவதைவிட, அந்தப் பாவத்தின்மேல் கிடைத்த முதல் வெற்றியிலிருந்து அதிகமாய் வருகிறது என்பதே பல ஆண்டுகள் சபை வாழ்க்கையில் நான் கண்டது. மனந்திரும்புதலையே முதலாகப் போட்டு, அதில் பெருமை என்னும் வட்டியை வாங்கத் தொடங்கும் அந்த இடத்தை அடையாளம் கண்டு விலகுவதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழ் வேதாகமம் 'மாயக்காரர்' என்று சொல்லும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், மேடையில் நடிக்கும் நடிகனைக் குறித்த சொல். ஆகவே மாயம் என்பது பார்ப்பவர்களுக்காக ஒரு வேடத்தைத் தாங்குவது. சுயநீதி அதற்கு நெருங்கிய உறவு என்றாலும் வேறானது. அது நாம் தாங்கிய வேடத்தை நாமே உண்மையென்று நம்பிவிடும் நிலை. லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் பரிசேயனும் ஆயக்காரனும் (வரி வசூலிப்பவனும்) ஜெபிக்கப் போன உவமைக்கு முன்னுரையாக, "தங்களை நீதிமான்களென்று நம்பி, மற்றவர்களை அற்பமாயெண்ணின சிலரைக்குறித்து" என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரே வாக்கியத்தில் தன்னை நம்புதலும் பிறரை அற்பமாய் எண்ணுதலும் சேர்ந்தே நிற்கின்றன. நடைமுறையில் முதலாவதைக் கண்டுபிடிப்பது கடினம்; இரண்டாவதைக் கண்டுபிடிப்பது எளிது. யாரையாவது நினைக்கும்போது உங்கள் உதடு சுளிக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். 'பரிசேயன்' என்ற சொல்லை நம் சபைகளில் வசைச்சொல்லாகவே பயன்படுத்துகிறோம். பரிசேயர் வேதத்தை அக்கறையோடு கற்று, அன்றாட வாழ்வில் கைக்கொள்ள முயன்ற மக்கள். இயேசுவைத் தேடிவந்த நிக்கொதேமு பரிசேயன். ஏரோது கொலைசெய்ய மனதாயிருக்கிறான் என்று இயேசுவை எச்சரித்தவர்களும் பரிசேயர்களே என்று லூக்கா 13-ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்களை வில்லன்களாக ஆக்கிவிட்டால் அந்த உவமை நம்மைத் தொடாமலே போய்விடும். ஆயக்காரனை இகழ்ந்தவன் பரிசேயன். பரிசேயனை இகழ்ந்துகொண்டே நாம் அவன் இடத்தில் போய் நிற்கிறோம்.

முதற்படி: விழுதலுக்கும் வேடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறியுங்கள்

புதிதாய் வந்தவர்களில் பலர், "மனம் ஒட்டாமல் ஜெபிக்கிறேன், இது மாயமல்லவா?" என்று கலங்குகிறார்கள். மாயமல்ல. பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னான். அவனை யாரும் மாயக்காரன் என்று சொல்லவில்லை. மனம் வறண்டிருக்கும்போதும் ஜெபத்துக்கு உட்காருவது கீழ்ப்படிதல். மனம் வறண்டிருப்பதை மறைத்து, பக்கத்தில் இருப்பவர் கேட்கும்படி கண்ணீர்க் குரலை வரவழைப்பதுதான் மாயம். அதேபோல, கோபத்தை விட வேண்டும் என்று தீர்மானித்தவர் மறுநாள் பிள்ளையை அடித்துவிட்டால் அவர் விழுந்தவர். எழும்ப அவருக்கு வழி உண்டு. அடித்த கையோடு சபைக்குப் போய்ப் பிள்ளை வளர்ப்பைப்பற்றி ஆலோசனை சொல்லத் தொடங்கினால்தான் வேடம் ஆரம்பமாகிறது. இந்த வேறுபாடு தெரியாதவர்கள் ஒவ்வொரு தோல்விக்கும் தங்களை மாயக்காரர் என்று குற்றப்படுத்திச் சோர்ந்துபோகிறார்கள். சோர்வு தாங்காமல் பிறகு தோல்வியை மறைக்கக் கற்றுக்கொண்டு, தாங்கள் பயந்த அதையே செய்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: யாரும் அறியாத ஒரு நன்மை எப்போதும் உங்களிடம் இருக்கட்டும்

இயேசுவின் மலைப்பிரசங்கத்தின் பகுதியான மத்தேயு 6-ஆம் அதிகாரம் தர்மம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றையும் வரிசையாக எடுத்து, மூன்றையும் அந்தரங்கத்தில் செய்யச் சொல்கிறது. மனிதர் காணச் செய்பவர்களைக் குறித்து, "தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்கிறார் இயேசு. அங்குள்ள கிரேக்க வினைச்சொல் அக்காலத்து வணிக ரசீதுகளில், முழுத்தொகையும் பெற்றுக்கொண்டதைக் குறிக்க எழுதப்பட்ட சொல். கைதட்டல் கிடைத்த இடத்திலேயே கணக்கு முடிந்துபோயிற்று. இனிப் பிதாவிடம் பெற ஒன்றும் பாக்கியில்லை.

ஆகவே ஒரு நடைமுறையைப் பழகிக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒரு உதவியையாவது, வாங்குகிறவருக்கும் தெரியாதபடி செய்யுங்கள். பக்கத்துத் தெருவில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் தவிக்கும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் மூலமாகக் கட்டலாம். மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாமல் இருப்பவருக்கு இரவு உட்காரப் போனால் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் நிலைத்தகவலில் போடாதிருங்கள். ஆலயத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் அதன் இறக்கையில் குடும்பப் பெயரை எழுதச் சொல்லாதிருங்கள். உபவாசிக்கும் நாளில் தலைசீவி, முகம் கழுவி, அலுவலகத்தில் தேநீர் நேரத்தில் எல்லாரோடும் சிரித்துப் பேசுங்கள். சாப்பிட அழைத்தால் "இன்றைக்கு வேண்டாம்" என்ற இரண்டு சொல் போதும்.

"உங்கள் வெளிச்சம் அவர்கள் முன்பாகப் பிரகாசிக்கக்கடவது" என்று அதே மலைப்பிரசங்கத்தில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. எல்லா நன்மையையும் ஒளித்துச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஆனால் பார்க்க ஆளில்லாதபோதும் அதே காரியத்தை அதே அக்கறையோடு செய்கிறோமா என்பதற்கு ஒரு சோதனை வேண்டும்; அந்த மறைவான நன்மை அதற்கான சோதனையே.

மூன்றாம் படி: சாட்சியை அளந்து சொல்லுங்கள்

புதிய விசுவாசிகளை நாங்கள், மூத்தவர்கள், மிகவும் கெடுப்பது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒருவர் இரட்சிக்கப்பட்ட சில வாரங்களில் மைக்கை அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். முதல்முறை அவர் நடந்ததைச் சொல்கிறார். கூட்டம் "அல்லேலூயா" என்கிறது. இரண்டாம்முறை, எந்த வரியில் கூட்டம் உரக்கச் சொன்னது என்பது அவருக்கு நினைவிருக்கிறது. மூன்றாம்முறை அந்த வரி கொஞ்சம் நீள்கிறது. பத்தாம்முறை அவருடைய பழைய பாவம் இருந்ததைவிடக் கறுப்பாகவும், இன்றைய வெற்றி இருப்பதைவிட வெண்மையாகவும் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு அவர் ஒருநாள் பழைய பழக்கத்தில் விழுந்தால் அதை ஒருவரிடமும் சொல்ல முடியாது. ஏனென்றால் அவர் சொன்ன கதையில் அப்படி ஒரு நாளுக்கு இடமே இல்லை.

அப்போஸ்தலர் நடபடிகளில் இது நடக்கிறது. பர்னபா தன் நிலத்தை விற்றுப் பணத்தை அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தான் என்று 4-ஆம் அதிகாரம் முடிகிறது. அடுத்த அதிகாரம் அனனியாவும் சப்பீராளும் தங்கள் காணியாட்சியை விற்றதோடு தொடங்குகிறது. அவர்கள் ஒரு பங்கை வைத்துக்கொண்டது குற்றமாக்கப்படவில்லை. விற்பதற்கு முன் அது உன்னுடையதுதானே, விற்ற பின்பும் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுரு வெளிப்படையாகச் சொல்கிறார். ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுதும் கொடுத்தவர்களின் பெயரைப் பெற விரும்பினார்கள். அந்தப் பொய்க்காகவே பேதுரு கடிந்துகொண்டார்.

ஆகவே முதல் ஓராண்டில் பொதுச்சாட்சிக்கு அவசரப்படாதிருங்கள். சொல்லும்போது மூன்று எல்லைகளை வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்த அளவிலேயே சொல்லுங்கள். இன்னும் போராடிக்கொண்டிருக்கும் ஒன்றையாவது சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் கதையில் வரும் மற்றவர்களை, குறிப்பாக மனைவியையோ கணவரையோ பெற்றோரையோ, உங்கள் வெளிச்சம் எடுப்பாகத் தெரிவதற்கான இருட்டாக ஆக்காதிருங்கள். இயலுமானால் சாட்சியை முதலில் வீட்டாரிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் தலையசைக்காத பகுதியை மேடையில் சொல்ல வேண்டாம்.

நான்காம் படி: ஜெபக்குறிப்பு என்ற பெயரில் புறங்கூறாதிருங்கள்

"அந்தச் சகோதரிக்காக ரொம்பப் பாரத்தோடு ஜெபிக்க வேண்டும், அவர்கள் மகள் விஷயம் உங்களுக்குத் தெரியும் அல்லவா?" என்று தொடங்கும் பேச்சைச் சபைக்கு வந்த முதல் மாதத்திலேயே நீங்கள் கேட்டிருப்பீர்கள். பக்தியின் சொற்களால் போர்த்தியிருப்பதால் இதைப் புறங்கூறுதல் என்று உணர்வதே கடினம். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுவிட்டீர்களா என்று பாருங்கள்; கேட்கவில்லையென்றால் அந்தக் குறிப்பைத் தனி அறையில் தேவனிடம் மட்டும் சொல்லுங்கள். யாராவது உங்களிடம் அப்படித் தொடங்கினால், "பெயர் வேண்டாம், இப்பொழுதே சேர்ந்து ஜெபிப்போம்" என்று சொல்லுங்கள். பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

ஐந்தாம் படி: புற ஒழுங்குகளை அளவுகோலாக்காதிருங்கள்

தமிழ்ச் சபைகளில் வெள்ளுடை, நகை அணியாமை, பூ வைக்காமை, சினிமா பார்க்காமை என்று பல ஒழுங்குகள் உண்டு; சபைக்குச் சபை அவை மாறும். உங்கள் மனச்சாட்சி ஒன்றை விடச் சொன்னால் விடுங்கள். ஆனால் நீங்கள் விட்டதை வைத்து அடுத்தவரை அளக்கத் தொடங்கும் கணத்தில் அந்த ஒழுங்கு உங்களுக்கே கண்ணியாகிவிடுகிறது. மோசேயின் நியாயப்பிரமாணம், மக்கள் தங்களைத் தாழ்த்தி உபவாசிக்க நியமித்தது ஆண்டுக்கு ஒரு பாவநிவாரண நாளை. உவமையில் வரும் பரிசேயன் வாரத்துக்கு இரண்டு நாள் உபவாசித்தான். அதிகமாய்ச் செய்ததில் குற்றமில்லை. அந்த அதிகத்தைத் தேவனிடம் கணக்காய் ஒப்பித்ததில்தான் அவன் தவறினான். ஆதிச்சபையின் மிகப் பழைய ஒழுங்கு நூல்களில் ஒன்றான 'திதகே', மாயக்காரர் திங்களிலும் வியாழனிலும் உபவாசிக்கிறார்கள், நீங்களோ புதனிலும் வெள்ளியிலும் உபவாசியுங்கள் என்று கற்பிக்கிறது. மாயத்தை விலக்க இயேசு சொன்னது உள்ளத்தின் மாற்றம்; அவருக்குப் பின் வெகு சீக்கிரத்திலேயே அது நாள்களின் மாற்றமாகச் சுருங்கிவிட்டதை எண்ணும்போது, நாமும் எவ்வளவு எளிதாய் வழுவுவோம் என்று எனக்கு அச்சம் வருகிறது.

என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறேன். விசுவாசத்துக்கு வந்த முதல் ஆண்டின் தீபாவளிக்கு, என்னைப் படிக்க வைக்கத் தன் தோட்டை அடகு வைத்த அத்தை, அதிரசம் கொண்டுவந்து வாசலில் நின்றார்கள். படைத்ததா என்று கேட்டேன், ஆம் என்றார்கள். மனச்சாட்சியினிமித்தம் உண்ணாமல் இருப்பதற்கு 1 கொரிந்தியர் 10-ஆம் அதிகாரத்தில் எனக்கு இடம் இருந்தது. "வேண்டாம் அத்தை, மன்னியுங்கள், உள்ளே வந்து உட்காருங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும். நானோ பக்கத்து வீட்டார் கேட்கும்படி விக்கிரகங்களைப்பற்றி வாசலிலேயே பிரசங்கம் செய்தேன். பாத்திரத்தை மூடிக்கொண்டு அவர்கள் திரும்பிப் போனார்கள். அன்றிரவு சத்தியத்துக்காக உறுதியாய் நின்றேன் என்று மகிழ்ச்சியோடு ஜெபித்தேன். எனக்கு இன்றுவரை வலிப்பது அந்த மகிழ்ச்சிதான்.

ஆறாம் படி: யாரோடு உண்கிறீர்கள் என்று பாருங்கள்

மாயம் பெருமையிலிருந்து மட்டும் பிறப்பதில்லை, பயத்திலிருந்தும் பிறக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகினார். மற்ற யூதரும் அவரோடு "மாயம்பண்ணினார்கள்" என்றும், பர்னபாவும் அதில் இழுப்புண்டான் என்றும் கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். நிலத்தை விற்று முழுதையும் கொடுத்த அதே பர்னபா. நாணயமான மனிதரும் கூட்டத்தோடு மாயத்துக்குள் போகலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டில் இந்தப் பந்திக்குச் சாதி என்று பெயர். சபைகளில் சாதிவாரியாக உட்காருவதும் திருவிருந்து பெறுவதும் ஒழிய வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை விடுத்தபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் ஆலயத்தையே விட்டு வெளியேறினார்கள். வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் மக்களைச் சாதிப்படி பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்படும்வரை, ஒரே பலிபீடத்தைப் பார்த்து இரு பக்கமும் தனித்தனியே முழங்காற்படியிட்டார்கள். சுவர் போய்விட்டது, ஆனால் மணமகள் தேவை என்னும் விளம்பரத்தில் 'இரட்சிக்கப்பட்ட' என்று எழுதும் அதே வரியில் இன்றும் சாதிப் பெயரை எழுதுகிறோம். குடிக்காதவன், பொய் சொல்லாதவன், தசமபாகம் தவறாதவன் என்ற பெயரோடு ஒருவர் வாழ்நாள் முழுதும் இதைத் தொடாமலே இருந்துவிட முடிகிறது. ஒற்தலாமிலும் (புதினாவிலும்) வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தி, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்று இயேசு சொன்னது எதைப்பற்றி என்று கேட்டால், நான் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

செய்ய வேண்டியது எளிது, கடினமும்கூட. கடந்த ஓராண்டில் எந்தெந்த விசுவாசிகளின் வீட்டில் சாப்பிட்டீர்கள், எவர்களை உங்கள் வீட்டுக்கு அழைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எல்லாரும் ஒரே சாதியாரானால் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேறு ஒரு குடும்பத்தை அழையுங்கள். அவர்கள் அழைத்தால் போய் உட்கார்ந்து உண்ணுங்கள். ஊர்ப் பெரியவர்களோ உறவினரோ வந்திருக்கும் நாளிலும் அதே பந்தியில் இருக்கிறீர்களா என்பதே அந்தியோகியாவின் கேள்வி.

ஏழாம் படி: ஒருவரிடமாவது முகமூடியின்றிப் பேசுங்கள், பிறகே பிறரைத் திருத்துங்கள்

குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது யாக்கோபு 5:16. சபை முழுவதற்கும் அறிக்கையிட வேண்டியதில்லை. நிதானமுள்ள, வாயடக்கமுள்ள, உங்கள் பாலினத்தைச் சேர்ந்த மூத்த விசுவாசி ஒருவரைத் தேர்ந்துகொண்டு, மாதம் ஒருமுறை சந்தித்து, அந்த மாதம் எதில் விழுந்தீர்கள், எதை மறைத்தீர்கள் என்று சொல்லுங்கள். தன் குற்றத்தை ஒருபோதும் ஒத்துக்கொள்ளாத ஒருவரை இதற்குத் தேர்ந்துகொள்ளாதிருங்கள்.

பிறரைத் திருத்தவே கூடாது என்று மலைப்பிரசங்கம் சொல்லவில்லை. முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்கிறது. வரிசைதான் முக்கியம். பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை எடுத்துக்கொண்ட ஐசுவரியவானின் கதையைச் சொன்னபோது, அந்தக் காரியத்தைச் செய்தவன் சாக வேண்டும் என்று தாவீது கொதித்தான். "நீயே அந்த மனுஷன்" என்ற பதில் வந்தது. ஒருவருடைய குற்றத்தின்மேல் உங்களுக்கு அளவுக்கு மீறிய கோபம் வந்தால், அதே குற்றம் வேறு உருவில் உங்களிடம் இருக்கிறதா என்று தேடுங்கள். தேடிய பிறகும் பேச வேண்டியிருந்தால், மத்தேயு 18 சொல்கிறபடி தனிமையில், நேரில் பேசுங்கள். சபையின் வாட்ஸ்அப் குழுவில் பெயர் குறிக்காமல் வசனம் போட்டுக் குத்துவது திருத்துதல் ஆகாது.

எட்டாம் படி: உங்களையே மாயக்காரன் என்று ஒருவர் சொல்லும்போது

ஒருநாள் சொல்வார்கள், பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்களே சொல்வார்கள். உடனே பதில் சொல்லாதிருங்கள். சத்துரு அவர்கள் மூலமாய்ப் பேசுகிறான் என்று ஆவிக்குரிய விளக்கம் கொடுத்துத் தப்பாதிருங்கள். அவர்கள் சொன்னதில் பத்தில் ஒரு பங்கு உண்மையென்றாலும் அந்த ஒரு பங்குக்கு மன்னிப்புக் கேளுங்கள். கேட்கும்போது 'ஆனால்' என்ற சொல்லும், 'நீங்களுந்தான்' என்ற சொல்லும் வரக்கூடாது. நான் அத்தையிடம் போக மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன். "அன்று வாசலில் உங்களை அவமானப்படுத்தினேன், அது என் தவறு" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சுவிசேஷத் துண்டுப்பிரதியையும் கொண்டுபோகவில்லை.

குற்றம் பணத்தைத் தொட்டதானால் சொல் போதாது. ஆயக்காரனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திரும்பச் செலுத்துகிறேன் என்றான். வேலையிடத்தில் பொய்ப் பயணக்கணக்கு எழுதியிருந்தால், கூட்டாளிக்குச் சேரவேண்டியதைக் குறைத்திருந்தால், கைமாற்றாய் வாங்கிய கடனை மறந்ததாய் நடித்திருந்தால், தொகையையும் பெயரையும் எழுதி வைத்துத் திரும்பக் கொடுக்கத் தொடங்குங்கள். மொத்தமாய் முடியாவிட்டால் உரியவரிடம் பேசி மாதத் தவணையாகக் கொடுக்கலாம். கடைசித் தவணை முடியும்வரை இதைச் சபையில் சாட்சியாகச் சொல்லாதிருங்கள்.